பழைய கருவியும் புதிய வேட்கையும்

கைவசமுள்ள பொருள் பழுதின்றிப் பயன்பட்டுக்கொண்டிருக்கும்போது, அதனினும் மேம்பட்ட வேறொன்றை நாடுதல் முறையாகுமா? இவ்வினா பெரும்பாலும் பணத்தைப் பற்றிய வினாவாகவே கொள்ளப்படுகின்றது. வசதியிருந்தால் வாங்கலாம், இல்லையேல் பொறுத்திருக்கலாம் என்ற அளவில் பலரும் அமைந்துவிடுவர். ஆயின் அப்பொருள் ஓர் இசைக்கருவியாக இருக்குமிடத்து வினா அத்துணை எளிதில் முடிந்துவிடுவதில்லை. இசைக்கருவி என்பது அதனைக் கையாள்பவரின் பயிற்சியோடும், அவருடன் சேர்ந்து இசைப்போரின் வாழ்வோடும், கேட்போரின் செவிப்பழக்கத்தோடும் பின்னிக் கிடப்பது. அதனை மாற்றுவதில் அறம் சார்ந்த பிரச்சினையொன்றும் அடங்கியுள்ளது என்பதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வினாவைக் கருத்தளவில் நிறுத்தாது ஓரிடத்தில் வைத்து நோக்குதல் தெளிவுக்கு உதவும். திருகோணமலை மாவட்டத்துத் தம்பலகாமம் வயலும் கோயிலும் சேர்ந்து உருவாக்கிய ஊர். கந்தளாய்க் குளத்து நீரால் அதன் வயல்கள் விளைகின்றன. 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் போர்த்துக்கேயர் திருக்கோணேசர் ஆலயத்தை இடித்தழித்த பின்னர், காப்பாற்றப்பட்ட திருவுருவங்களை வைத்து வழிபாடு தொடரப்பட்ட இடம் இதுவென்பது இங்குள்ள ஆதிகோணநாயகர் கோயில் பற்றிய மரபு. திருக்கோணேசர் ஆலயப் பணிகளைக் குளக்கோட்டன் என்னும் மன்னனோடு தொடர்புபடுத்திக் கூறும் கோணேசர் கல்வெட்டு என்னும் நூல், இன்னின்ன பணி இன்னின்னார்க்கு உரியது என வகுத்துரைக்கின்றது. ஆகவே தொழிலும் கலையும் தனியொருவரின் விருப்பத்தோடு முடிவன அல்ல, ஊரோடு கட்டுண்டவை என்னும் எண்ணம் இப்பகுதிக்குப் புதியதன்று.

இத்தகைய ஊரில் இயங்கும் மெல்லிசைக் குழு ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளலாம். திருவிழா இரவுகள், திருமண வீடுகள், பாடசாலை விழாக்கள் ஆகியவற்றில் அக்குழு இசை வழங்குகின்றது. பாடுவோர் இருவர், தபேலா வாசிப்பவர் ஒருவர், புல்லாங்குழல் வாசிப்பவர் ஒருவர், ஊர் வழக்கில் ‘ஓர்கன்’ எனப்படும் சிந்தசைசர் கருவியை வாசிப்பவர் ஒருவர். 61 கட்டைகள் கொண்ட அந்தக் கருவி பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னர் குழுவின் பொதுப் பணத்தில் வாங்கப்பட்டது. இரண்டொரு கட்டைகள் பழுது பார்க்கப்பட்டுள்ளன. மற்றும்படி அது ஒழுங்காகவே ஒலிக்கின்றது. இப்போது புதியதொன்று கடைக்கு வந்துள்ளது. பல நூறு இசைக்கருவிகளின் ஒலிகள் அதில் பதிந்துள்ளன. தாளக்கட்டைத் தானே வாசிக்கும் வசதியும் உண்டு. புதியதை வாங்க வேண்டும் என்கிறார் அதனை வாசிக்கவிருப்பவர். இருப்பது போதும் என்கின்றனர் வேறு சிலர். தபேலாக்காரர் ஒன்றும் கூறாதிருக்கின்றார். இவர்களுள் யார் பக்கம் நியாயம் உள்ளது?

முதலிற் கிடைக்கும் விடை போதுமென்ற மனத்தின் விடையாகும். அவா அறுத்தலுக்குத் திருக்குறள் ஓர் அதிகாரத்தையே ஒதுக்கியுள்ளது. இத்தீவின் மற்றொரு பெருஞ் சமயமாகிய பௌத்தமும் வேட்கையே துன்பத்துக்குத் தோற்றுவாய் எனக் கூறுகின்றது. இவ்விடையில் உண்மை உண்டு. புதிய கருவியை வாங்கியவருக்கு அடுத்த ஆண்டு அதனினும் புதிய கருவியொன்று காத்திருக்கும். விற்பவர் நோக்கில் இவ்வேட்கைக்கு முடிவு இருத்தலாகாது. எனினும் இவ்விடையை முழுமையாக ஏற்றுக்கொண்டால் கலை வரலாற்றின் பெரும்பகுதி தவறாகிவிடும். பாலுசுவாமி தீட்சிதர் ஐரோப்பியரிடமிருந்து வயலினைப் பெற்றுக் கருநாடக இசைக்கு இயைவித்தமையும், தஞ்சை நால்வருள் ஒருவராகிய வடிவேலு அதனை மேலும் வளர்த்தமையும் இருப்பது போதாது என்ற உணர்வின் பயன்களே. மனநிறைவு தன் சொந்தத் தேவைகளைப் பொறுத்தவரை நற்குணம். தன் கலை இன்னும் செல்லக்கூடிய இடத்தை அறிந்த ஒருவர் அங்கு செல்லாது அமைந்துவிடுவது நற்குணமா என்பது வேறு வினா.

இரண்டாவது விடை முன்னேற்றத்தின் விடை. புதியது சிறந்தது, ஆகவே அதனை ஏற்பதே அறிவுடைமை என்பர் ஒருசாரார். எதனைச் செய்வதற்குச் சிறந்தது என்ற வினாவை இவர்கள் எழுப்புவதில்லை. 1983இல் யமஹா நிறுவனம் வெளியிட்ட டிஎக்ஸ்-7 என்னும் கருவி இதற்கு நல்ல சான்று. ஜோன் சௌனிங் என்பார் ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தில் கண்டறிந்த அலைநெறி முறையின் அடிப்படையில், எண்ணிறந்த புதிய ஒலிகளை வாசிப்பவரே ஆக்கிக்கொள்ளும் ஆற்றல் அதற்கு இருந்தது. ஆயினும் அவ்வாறு ஆக்கும் முறை கடினமாயிருந்தமையால், வாங்கியோரிற் பெரும்பாலோர் தொழிற்சாலையிலேயே பதித்துத் தரப்பட்ட ஒலிகளுடன் நின்றுவிட்டனர். ஆற்றலை விலைகொடுத்து வாங்கினர். பயன்படுத்தியதோ அதன் சிறு பகுதியையே. இதற்கு மறுதலையாக, 1970இல் வெளிவந்த மினிமூக் என்னும் சிந்தசைசர் 1981இல் கைவிடப்பட்டது. ஒரே நேரத்தில் ஒரே சுரத்தை மாத்திரம் ஒலிக்கவல்ல அதனைப் புதிய கருவிகள் வென்றுவிட்டன என்றே கருதப்பட்டது. ஆனால் அதன் ஒலிக்குரிய தனித்தன்மையை இசைஞர் மறக்கவில்லை. 2016இல் அதே பெயர்கொண்ட நிறுவனம் அதனை மீண்டும் செய்து விற்றது. காலத்தால் பிந்தியது தரத்தால் முந்தியது என்ற கொள்கை இசைக்கருவிகளிடத்துச் செல்லாது என்பதற்கு இவையிரண்டும் போதியன. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற பழமொழியும் ஈண்டு நினைக்கத்தக்கது. கருவியின் குறை என்று கூறப்படுவது பல வேளைகளிற் பயிற்சியின் குறையாகவே இருக்கும்.

எனினும் கூடம் உண்மையிலேயே கோணலாக இருத்தலும் உண்டு. நாதஸ்வரத்தின் வரலாறு இதனைக் காட்டும். முற்காலத்தில் வழங்கிய திமிரி நாயனம் குட்டையானது, உயர்ந்த சுருதியுடையது. சுத்த மத்திமம் அதிற் செம்மையாக எழாது. வாசிப்பவர் உதட்டாலும் மூச்சாலும் அதனை அடக்கி வரவழைக்க வேண்டியிருந்தது. நீண்டதும் தாழ்ந்த சுருதியுடையதுமான பாரி நாயனத்தைப் புகழ்பெறச் செய்தவர் திருவாவடுதுறை இராசரத்தினம் பிள்ளை. சுத்த மத்திமம் தானே செம்மையாக ஒலிக்கும் வகையிற் பாரி நாயனத்தைக் கடைந்து கொடுத்தவர் கும்பகோணத்தை அடுத்த நரசிங்கன்பேட்டையைச் சேர்ந்த ரங்கநாதன் ஆசாரி. அவ்வூர் நாதஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. இங்கு நிகழ்ந்த வரிசை கவனிக்கத்தக்கது. வாசிப்பவரின் செவியிற் சுரம் முதலிற் செம்மையாக இருந்தது. கருவி அதனைத் தர மறுத்தது. அதன் பின்னரே மரம் திருத்தப்பட்டது. கடையில் ஒரு புதுமை கண்ணிற் பட்டதும், அதன் பின்னர் அதற்கொரு தேவையைக் கண்டுபிடிப்பதும் இதற்கு நேர்மாறான வரிசை. பொருள் ஒன்றேயாயினும் வரிசை மாறும்போது செயலின் தன்மையும் மாறிவிடுகின்றது.

கருவியின் எல்லையைப் பற்றித் தமிழ் மரபில் இதனினும் ஆழமான நிகழ்ச்சியொன்று உண்டு. திருஞானசம்பந்தரின் பாடல்களை யாழில் இட்டு வாசித்து வந்தவர் திருநீலகண்ட யாழ்ப்பாணர். அவர் யாழாலேயே பதிகங்கள் சிறக்கின்றன என்று பாணரின் சுற்றத்தார் தருமபுரத்திற் பேச, யாழில் அடங்காத பதிகமொன்றைச் சம்பந்தர் பாடினார். பாணர் முயன்றும் இயலாமையால் யாழையே உடைக்க ஓங்கினார். சம்பந்தர் அதனைத் தடுத்து, இயன்ற அளவில் தொடர்ந்து வாசிக்குமாறு பணித்தார். யாழ்முரி என வழங்கும் இவ்வரலாற்றைப் பெரியபுராணம் கூறுகின்றது. திருக்கோணமலைக்குப் பதிகம் பாடிய சம்பந்தரின் வாழ்வில் நிகழ்ந்ததாகக் கூறப்படும் இந்நிகழ்ச்சி, திருக்கோணமலையை அடுத்த தம்பலகாமத்து வினாவுக்கும் ஒளி தருகின்றது. கருவிக்கு எல்லை உண்டு என்பதைச் சம்பந்தர் மறைக்கவில்லை; தம் பாட்டினாலேயே அதனைப் புலப்படுத்தினார். ஆனால் எல்லை வெளிப்பட்டது என்பதற்காக அதுகாறும் பணிசெய்த கருவியை அழிக்க அவர் இசையவுமில்லை.

யாழ் அன்று உடையாது தப்பியது; பின்னர் வழக்கொழிந்தது. நரம்புக்கு ஒரு சுரம் என்ற அமைப்புடைய யாழில் ஒரு சுரத்தை அசைத்தும் வளைத்தும் இசைக்கும் வாய்ப்புக் குறைவு என்றும், அவ்வாய்ப்பைத் தந்த வீணை அதனிடத்தைப் பெற்றது என்றும் இசை ஆய்வாளர் பலர் விளக்குவர். மாற்றத்துக்குத் தக்க காரணம் இருந்தது. ஆயினும் யாழோடு மறைந்தது மரமும் நரம்பும் மாத்திரம் அன்று. அதனைச் சுருதி கூட்டும் முறை மறைந்தது. விரல்களின் அறிவு மறைந்தது. பண்டை நூல்களில் அதனையொட்டி வழங்கிய சொற்கள் பொருள் விளங்காதனவாயின. அவற்றை மீட்பதற்குச் சுவாமி விபுலானந்தர் கணக்கும் இலக்கியமும் துணையாகக் கொண்டு பல்லாண்டு உழைக்க நேர்ந்தது. அவரது யாழ் நூல் 1947ஆம் ஆண்டு யூன் மாதம் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த மாதமே அவர் மறைந்தார். திருகோணமலை இந்துக் கல்லூரியின் அதிபராகவும், 1943 முதல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராகவும் பணியாற்றிய ஒருவரின் கடைசி ஆண்டுகள், ஒரு கருவி மாற்றத்தில் இழக்கப்பட்ட அறிவைத் தேடுவதிற் கழிந்தன. நாதஸ்வரம் மாறியபோது அவ்வாறு நிகழவில்லை. திமிரியிற் பழகிய விரல்களும் மூச்சும் பாரியிலும் பயன்பட்டன. கை கற்றது புதிய கருவிக்குள் தொடர்ந்து செல்கின்றதா, அல்லது அறுந்துபோகின்றதா என்பதே இவ்விரு மாற்றங்களுக்கும் உள்ள வேறுபாடு.

கருவியைத் தடுத்துவிட்டால் இழப்பைத் தடுக்கலாம் என்ற எண்ணமும் வரலாற்றில் முயன்று பார்க்கப்பட்டதே. கமகத்துக்கு இடந்தராதது என்ற காரணத்தால் 1940இல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தை விலக்கியது. அத்தடை 1971இலேயே நிபந்தனைகளுடன் தளர்த்தப்பட்டது. அந்த இடைக்காலத்தில் ஆர்மோனியம் மறைந்துவிடவில்லை. ஈழத்தில் நடிகமணி வி. வி. வைரமுத்துவின் இசை நாடகங்கள் நடந்த மேடைகளில் அதுவே நடிகரின் குரலுக்குப் பக்கத்துணையாக நின்றது. இராக ஆலாபனைக்கு இடராக இருந்தது நாடகப் பாட்டுக்கு ஏற்றதாயிற்று. கருவியைத் தனியே நிறுத்தி நல்லது தீயது என்று தீர்ப்பளிக்க இயலாது. அது செய்யவேண்டிய பணியோடு சேர்த்தே தீர்மானிக்க வேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

இதுகாறும் கூறியவை கருவிக்கும் வாசிப்பவருக்கும் உள்ள உறவைப் பற்றியன. சிந்தசைசரைப் பொறுத்தவரை மூன்றாம் ஆள் ஒருவரையும் கருதவேண்டியுள்ளது. வயலின் வந்தபோது அது மிருதங்கக்காரரின் இடத்தைப் பிடிக்கவில்லை. சிந்தசைசரோ பிற கருவிகளின் ஒலிகளைத் தன்னுள் அடக்கிக்கொண்டு அவற்றை வாசிப்போரின் இடத்தையும் பெறவல்லது. 1986இல் வெளிவந்த புன்னகை மன்னன் திரைப்படத்தில் இளையராஜா கணினியோடு இயைந்த மின்னிசையைப் பயன்படுத்தினார். 1992இல் ரோஜா திரைப்படத்துடன் ஏ. ஆர். ரகுமான் அறிமுகமானதன் பின்னர் அம்முறை வேரூன்றியது. கேட்டிராத புதிய ஒலிகள் தமிழ்த் திரையிசைக்குக் கிடைத்தன என்பது உண்மை. பெருந்தொகையான வாத்தியக்காரர் ஒரே கூடத்தில் அமர்ந்து வாசித்த ஒலிப்பதிவு முறை படிப்படியாக அருகியது என்பதும் உண்மை. ஓர் உண்மையைக் கூறி மற்றையதை மறைத்தல் தகாது.

அரிஸ்டோட்டில் தமது அரசியல் என்னும் நூலிற் குழல்களைப் பற்றி ஓரிடத்திற் பேசுகின்றார். சிறந்த குழலைக் குலத்தால் உயர்ந்தவர்க்கோ அழகால் உயர்ந்தவர்க்கோ கொடுத்தல் பொருந்தாது. சிறப்பாகக் குழலூதுபவர்க்கே கொடுத்தல் வேண்டும் என்பது அவர் கருத்து. கருவி அதன் பயனுக்கு உரியது என்னும் அளவில் இது ஏற்கத்தக்கதே. ஆனால் தானே ஊதும் குழலொன்று வருமாயின் ஊதுபவரின் நிலை யாது என்பது அந்த எடுத்துக்காட்டில் எழாத வினா. தம்பலகாமத்துத் தபேலாக்காரரின் மௌனத்தில் இருப்பது அவ்வினாவே.

இனி அக்குழுவின் வினாவுக்குத் திரும்பலாம். புதியதை வேண்டுபவர் முதலில் ஒன்றைக் கூறக் கடமைப்பட்டவர். எந்தப் பாட்டின் எந்த இடத்தைப் பழைய கருவி தர மறுத்தது? கட்டை ஒவ்வொன்றும் ஒரு நிலையான சுரத்தையே தருவதால் கமகம் கைகூடவில்லை என்று அவர் கூறலாம். அவ்வாறாயின், சுரத்தை வளைப்பதற்கென்று பெரும்பாலான சிந்தசைசர்களின் இடப்புறத்திலுள்ள சக்கரத்தை அவர் பழகியுள்ளாரா என்று கேட்பது நியாயமே. அதனைக் கொண்டு கருநாடக இசையையே வாசித்துக் காட்டும் கலைஞர் உளர். பழகியும் போதவில்லை எனில் அவர் வேட்கைக்குப் பொருள் உண்டு. பாட்டு எதனையும் குறிப்பிடாது ஒலிகளின் எண்ணிக்கையை மாத்திரம் அவர் குறிப்பிடுவாராயின், பேசுவது அவர் செவியன்று, விலைப்பட்டியலே எனல் தகும்.

செலவு பற்றிய பொறுப்பும் உண்டு. 2022ஆம் ஆண்டில் ஓர் அமெரிக்க டொலரின் பெறுமதி சில மாதங்களுக்குள் 200 ரூபா அளவிலிருந்து 360 ரூபா அளவுக்கு ஏறியது. இறக்குமதியாகும் இத்தகைய கருவியை வாங்க முன்னரிலும் மிகுதியான ரூபாவைச் செலவிடவேண்டிய நிலை அதனால் உண்டாயிற்று. குழுவின் பொதுப் பணம் ஈற்றில் வேளாண்மை செய்வோர் திருவிழாவுக்கும் திருமணத்துக்கும் ஒதுக்கிய பணமே. அதனைச் செலவிடுவோர் தம் ஆசையையன்றிக் குழுவின் பணியைக் காரணமாகக் காட்டுதல் வேண்டும்.

மறுப்போரும் விடை கூற வேண்டியவர்களே. திரைப்பாடலை இசைத்தட்டில் உள்ளவாறே கேட்க விரும்பும் மக்கள், அயலூரிலிருந்து புதிய கருவியோடு வரும் குழுவை அழைக்கத் தொடங்கினால் இக்குழுவின் கதி என்னவாகும்? அழைப்புக்கள் நின்றுபோனால் தபேலாக்காரருக்கும் வேலையில்லை. இருப்பது போதும் என்று கூறுவது எளிது. அவ்வாறு கூறுவதன் விலையைப் பெரும்பாலும் கூறியவர் அல்லாத வேறொருவர் கொடுக்க நேர்கின்றது. மேலும், தபேலா வாசித்தவர் வெளிநாடு சென்றுவிட்டார், அவர் இடத்துக்கு வர எவருமில்லை என்ற நிலையும் இன்று பல ஊர்களுக்குப் புதியதன்று. அந்நிலையில் இயந்திரம் எவருடைய இடத்தையும் பறிப்பதில்லை. இல்லாதவரின் இடத்தை நிரப்புகின்றது. ஆனால் அந்த இடம் ஒரு காலத்திற் கற்பவர்க்கும் உரியதாயிருந்தது. முதிர்ந்தவர் வராத இரவுகளில், தாளம் தவறினும் பொறுத்துக்கொள்ளப்பட்டுச் சிறுவர் அமர்ந்து பழகிய இடம் அது. தவறாத தாளம் வந்தபின் தவறிப் பழகுவதற்கு இடமில்லாது போகும். இழப்பை உடனே உணர முடியாது; பத்து ஆண்டுகளின் பின்னர் ஊரில் தாளம் அறிந்தவர் எவருமில்லை என்னும்போதே அது தெரியவரும். யாழின் கதை கற்பிப்பதும் அதுவே.

வாங்குவதா விடுவதா என்ற இரண்டனுள் ஒன்றையே தெரிதல் வேண்டுமென்பதுமில்லை. 1983இல் ஒன்றோடொன்று போட்டியிட்ட நிறுவனங்களின் பொறியியலாளர் கூடி, மிடி என்னும் பொது முறையை வகுத்தனர். ஒரு நிறுவனத்தின் கருவி மற்றொரு நிறுவனத்தின் கருவியோடு இணைந்து இயங்க அது வழிசெய்தது. 2020இல் அதன் இரண்டாம் பதிப்பு ஏற்கப்பட்டபோதும் முந்திய கருவிகள் தொடர்ந்து பயன்படுமாறே அது அமைக்கப்பட்டது. வணிகப் போட்டியின் நடுவேயும், புதியது வருவதனாற் பழையது ஊமையாகிவிடலாகாது என்ற உடன்பாடு சாத்தியமாயிற்று. ஓர் ஊர்க் குழுவினுள் அத்தகைய உடன்பாடு ஏற்படுதல் அரிதன்று.

ஆகவே அக்குழு புதியதை வாங்கலாம். சில நிபந்தனைகளின் மேலேயே வாங்கலாம். பழைய கருவியின் எல்லையை வாசிப்பவர் பாட்டினாற் காட்டியிருத்தல் வேண்டும். புதியதன் தாளக்கட்டு, தபேலாக்காரர் இருக்கும் மேடையில் ஒலித்தலாகாது. அவர் இல்லாத இரவுகளிலும், கற்கும் சிறுவர் எவரேனும் உளராயின் இடம் முதலில் அவருக்கே கொடுக்கப்படுதல் வேண்டும். பழைய கருவியை விற்றுச் சிறுதொகை பெறுவதிலும், கற்க விரும்பும் பிள்ளையொன்றின் கையில் அதனைக் கொடுத்தல் நன்று. இந்நிபந்தனைகளை ஏற்க இயலாதெனின், உள்ள கருவியோடு இன்னும் சில ஆண்டுகள் இசைத்தலே முறையாகும். அந்த ஆண்டுகள் வீணாகா. இருக்கும் கருவி இதுவரை கேட்கப்படாத எதனையேனும் தரக்கூடுமா என்று தேடுவதற்கு அவை பயன்படும்.

இம்முடிவு தபேலாக்காரரின் மௌனத்துக்கு முழுமையான விடையன்று. அழைப்பவர் மனம் மாறலாம், உடன்பாடு மீறப்படலாம், பிள்ளைகள் கற்க வராதிருக்கலாம். எனினும் கருவியை மாற்றுவது பற்றிக் குழு கூடும் நாளில் அவரிடமும் கருத்துக் கேட்கப்படுமாயின், வினா அதற்குரிய இடத்தில் வைக்கப்பட்டுள்ளது என்று கூறலாம். கேட்கப்படாமலே முடிவு செய்யப்படுமாயின், வாங்கினாலும் வாங்காவிட்டாலும் அம்முடிவு குறையுடையதே.